கட்டுக்கு இருபத்தைந்து

தென்காசிப் பக்கம் கடையநல்லூரிலோ கீழப்பாவூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் மத்தியான நேரம் போய் உட்கார்ந்தால் இந்தப் பீடிக் கணக்கின் முதல் வரி கண்ணெதிரே நடக்கும். மடியில் சுளகு. ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிய இலை, இன்னொரு பக்கம் தூள். தகர அச்சை இலைமேல் வைத்துக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, ஒரு சிட்டிகை தூள், விரல் நுனியில் ஓர் உருட்டு, முனையை மடக்கிச் செருகி நூலில் ஒரு சுற்று. டிவியில் சீரியல் ஓடும், பேச்சும் ஓடும், விரல் மட்டும் நிற்காது. கைப்பழக்கம் உள்ளவர் ஒரு நாளில் ஆயிரம் சுற்றிவிடுவார். இருபத்தைந்தை எண்ணிக் கட்டினால் ஒரு கட்டு.

இனி வாங்குகிறவர் பக்கம். நாளுக்கு ஒரு கட்டு வீதம் முப்பது வருடம் குடித்த ஆளுக்கு 25 × 365 × 30 = 2,73,750 பீடி. பீடிக்கு 0.2 கிராம் தூள் என்று வைத்தால் 54 கிலோ 750 கிராம். ஞாயிறு, பொங்கல், தீபாவளி பார்க்காமல் ஒரு பெண் 274 நாள் சுற்றினால்தான் அந்த ஒரு மனிதருடைய முப்பது வருடத்துக்குக் காணும்.

புகை என்றதும் எல்லோரும் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். மூத்திரப்பையை யாரும் நினைப்பதில்லை. ஆனால் புகையிலுள்ள 2-நாப்தைலமீன், 4-அமினோபைபினைல் போன்ற நச்சுகள் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகம் வடித்தெடுத்த பிறகு வந்து தேங்கும் இடம் அந்தப் பைதான். நாளுக்கு ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீர். ஒரு தடவைக்கு 400, 500 மில்லி வரை பை தாங்கும். மணிக்கணக்கில் அந்த நீர் பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இதே குடும்பத்து ரசாயனங்கள் முதலில் மாட்டிக்கொண்டது பீடியில் அல்ல, சாயத்தில். 1895-இல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 45 பேரில் 3 பேருக்கு மூத்திரப்பைக் கட்டி இருப்பதைக் கண்டு எழுதினார். இந்தியாவில் 1990களில் 112 அசோ சாயங்களுக்குத் தடை வந்ததற்கும் இந்த வகை அமீன்களே காரணம். ஆபத்து உள்ளவர் பட்டியலில் பீடிக்காரருக்குப் பக்கத்தில் பழைய சாயப்பட்டறைக்காரரையும் எழுத வேண்டும்.

எவ்வளவு ஆபத்து? 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 4,67,528 பேரைப் பின்தொடர்ந்தது. புகைக்காதவரோடு ஒப்பிட்டால் புகைப்பவருக்கு மூத்திரப்பைப் புற்று வரும் வாய்ப்பு 4 மடங்கு, விட்டவருக்கு 2.2 மடங்கு. ஆண்களுக்கு வரும் இந்தப் புற்றில் பாதி புகையிலையின் பங்கு. அது சிகரெட் நாட்டுக் கணக்கு. நம் நாட்டில் 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பின்படி சிகரெட் பிடிக்கும் பெரியவர்கள் 4 சதவீதம், பீடி 7.7 சதவீதம். ஆண்களில் எதையாவது புகைப்பவர்கள் 19 சதவீதம், ஐந்தில் ஒருவர்.

தென்காசிக்கு வருவோம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம். 2011 கணக்கெடுப்புப்படி மக்கள் 14,07,627. ஆண்கள் ஏறத்தாழ 7 லட்சம். இந்திய ஆண்களில் லட்சத்துக்கு ஆண்டுக்கு 3.67 பேருக்கும், பெண்களில் 0.83 பேருக்கும் இந்தப் புற்று வருவதாகக் கணக்கு. பெருக்கினால் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 25 ஆண்கள், 6 பெண்கள். இது நான் போட்ட பெருக்கல்தான். முறையான பதிவை 2012 முதல் மாநிலம் முழுக்கச் செய்துவருவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு. நாட்டளவில் 2018 மதிப்பீடு 18,921 புதிய நோயாளிகள். உலகளவில் 2022-இல் ஆறு லட்சத்துக்கு மேல்.

25 என்பது சின்ன எண். இந்தக் கட்டுரையின் வம்பு முழுக்க அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

இந்த நோய்க்கு முதல் அறிகுறி பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒன்றேதான்: வலியில்லாமல் மூத்திரத்தில் ரத்தம். வலித்தால் ஓடுவார்கள், வலிக்காததால் உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் மாமா ஒருவர் பீடிக்கடையில் கணக்குப்பிள்ளை. பெண்கள் கொண்டுவரும் தட்டை எண்ணி, கழிவு பீடியை நீக்கி, பாஸ்புக்கில் ஏற்றுவது வேலை. ஓர் ஆடி மாதம் காலையில் சிவப்பாகப் போயிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் நேரம். எண்ணெய் மசாஜ் போடுகிறவரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். "உடம்புச் சூடுதான் அண்ணாச்சி. எண்ணெய் தேய்ச்சு மூணு நாள் பேரருவியில தலையக் குடுங்க, சரியாப் போயிரும்." கொடுத்தார். சரியாகவும் போனது. இங்கேதான் கணக்குத் தப்புகிறது. இந்த ரத்தம் தொடர்ந்து வராது. இரண்டு நாள் வரும், இரண்டு மாதம் நிற்கும். நின்ற பேரை அருவி தட்டிக்கொண்டு போனது. தையில் மறுபடி வந்தபோது ஒரு தனியார் கிளினிக்கில் நீர்க்கடுப்பு என்று மாத்திரை. அதற்குப் பிறகும் இரண்டு முறை, அதே சீட்டு, அதே மாத்திரை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அடுத்த ஆடி வந்துவிட்டது. கட்டி பையின் தசைக்குள் இறங்கியிருந்தது.

அந்த ஒரு வருடத்தின் மதிப்பு என்ன என்று பார்க்கலாம். கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்குக் கட்டி பையின் உட்படலத்தைத் தாண்டாமல் நிற்கும் என்பது வெளிநாட்டுக் கணக்கு. அப்போது மூத்திரத் துவாரம் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்து, ஆபத்து கூடுதல் என்றால் பையினுள் பிசிஜி மருந்து விடுவார்கள். வாரம் ஒன்றாக ஆறு தடவை, பிறகு இடைவெளி விட்டுத் தொடர்வார்கள். ஆம், நம் இடது கையில் தழும்பாக இருக்கும் அதே பிசிஜிதான். சென்னை கிண்டியில் 1948-இலிருந்து ஆய்வகம் வைத்துத் தயாரித்த காசநோய்த் தடுப்பு மருந்து, 1976-இல் கனடாவில் அல்வாரோ மொரால்ஸ் 9 நோயாளிகளுக்குச் செய்து காட்டியதிலிருந்து இந்த வேலைக்கும் வந்துவிட்டது. கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுக்க வேண்டும்.

சுரண்டியதோடு முடிவதும் இல்லை. திரும்பத் திரும்ப முளைக்கும் கட்டி இது. ஆபத்து கூடியவருக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கோப் என்ற கருவியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். 8 + 6 = 14 ஸ்கோப். தென்காசியிலிருந்து நெல்லை 55 கிலோமீட்டர். போக வர 110. பதினான்கு தடவைக்கு 1,540 கிலோமீட்டர் பஸ், பதினான்கு நாள் சம்பளம், கூட வருகிறவருடைய பதினான்கு நாள். அமெரிக்காவில் கண்டுபிடித்த நாளிலிருந்து இறப்பு வரை ஒரு நோயாளிக்கு ஆகும் செலவில் புற்றுநோய்களிலேயே மேல் வரிசையில் நிற்பது இதுதான்: 2001 விலைவாசியில் 96,000 முதல் 1,87,000 டாலர். அங்கே பஸ் கணக்கு வேறு கிடையாது.

ஆக, ஸ்கோப் என்பதுதான் இந்தப் பேரேட்டின் நாணயம். டாக்டர் நேரம், அறை, கருவியைக் கிருமி நீக்கும் நேரம், ஆண்களுக்கே உரிய வெட்கமும் எரிச்சலும் எல்லாம் சேர்ந்தது ஒரு ஸ்கோப். மூத்திரத்தைப் பிடித்துச் செய்யும் எந்தப் புதுப் பரிசோதனையையும் ஒரே கேள்வியால் எடை போடலாம்: ஒரு புற்றைப் பிடிக்க எத்தனை ஸ்கோப் செலவாகிறது?

பழைய முறை, மூத்திரத்தில் உதிரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பபனிகோலாவும் மார்ஷலும் 1945-இல் தொடங்கிவைத்தது. பொய்யாகப் பயமுறுத்துவது அபூர்வம். ஆனால் சாதுவான கட்டிகளை அநேகமாக விட்டுவிடும். அடுத்தது என்எம்பி22 என்ற புரதத்தைத் தேடும் அட்டை. நான்கு சொட்டு மூத்திரம், அரை மணி நேரம், கர்ப்பப் பரிசோதனை அட்டை போலக் கோடு விழும். 2005-இல் வெளியான ஆய்வில் அறிகுறியோ ஆபத்தோ உள்ள 1,331 பேரைச் சோதித்தார்கள். புற்று இருந்தது 79 பேருக்கு. அட்டை பிடித்தது 44. செல் பரிசோதனை, பார்க்க முடிந்த 76 பேரில் 12. அட்டைக்கு ஜெயம் என்று தோன்றும். ஆனால் புற்று இல்லாதவர்களில் 14.3 சதவீதம் பேருக்கும் கோடு விழுந்தது; ஏறத்தாழ 179 பேர். கோடு விழுந்த 223 பேரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் புற்று. கல்லடைப்போ மூத்திரத் தொற்றோ இருந்தாலும் கோடு விழக்கூடும். வெயிலில் காயும் நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இந்த அட்டையை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோனால்? ஆண்களில் ஐந்தில் ஒருவர் ஐம்பது தாண்டியவர் என்று வைத்தால் 1,40,000 பேர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 25 புற்றையும் இவர்களிடமே வைப்போம். அட்டை பிடிப்பது 14. பொய்க்கோடு 20,000. நாளுக்கு 10 ஸ்கோப், வருடத்துக்கு 300 நாள் என்று உழைத்தாலும் முடிக்க ஏழு வருடம் ஆகும். ஒரு புற்றுக்கு 1,430 ஸ்கோப். இதைச் செய்யச் சொல்பவரை ஹைகிரவுண்டு வாசலிலேயே மறித்து அனுப்ப வேண்டும்.

புகைப்பவரை மட்டும் எடுப்போம். 28,000 பேர். 4 மடங்கு ஆபத்து என்பதால் 25-இல் பாதி, 12 பேர், இவர்களிடம் இருப்பார்கள். அட்டை பிடிப்பது 7, பொய்க்கோடு 4,000. புற்றுக்கு 572 ஸ்கோப். ஒரு பைசா செலவில்லாமல், "பீடி குடிப்பீங்களா?" என்ற ஒரே கேள்வியில் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இப்படி ஆபத்துள்ளவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து உண்மையிலேயே செய்த ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் டல்லஸ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் புகைத்தவர்கள் அல்லது ஆபத்தான தொழிலில் இருந்தவர்கள், அறிகுறி ஏதும் இல்லாதவர்கள், 1,502 பேர். கோடு விழுந்தது 85. புற்று 2. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2011-இல், அறிகுறி இல்லாதவர்களைச் சோதிக்கலாமா கூடாதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி ஒதுங்கிக்கொண்டது. இந்த எண்களைப் பார்த்த பிறகு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இன்னொரு பழைய ஆய்வு இருக்கிறது. புதுமையில்லாததால் அவ்வளவாகப் பேசப்படாதது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஐம்பது தாண்டிய 1,575 ஆண்களிடம் ரத்தம் காட்டும் ஸ்ட்ரிப்பைக் கொடுத்து, வீட்டிலேயே பதினான்கு நாள் தினமும் நனைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சர்க்கரை, ஆல்புமின் பார்க்க நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு நனைக்கும் அதே வகை. மஞ்சள் கட்டம் ஒரு நிமிடத்தில் பச்சையாகவோ பச்சைப் புள்ளியாகவோ மாறினால் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். முழுப் பரிசோதனைக்கு வந்தது 258 பேர், புற்று 21. பன்னிரண்டு ஸ்கோப்புக்கு ஒன்று! பதினான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த 21 பேரில் ஒருவர்கூட மூத்திரப்பைப் புற்றால் சாகவில்லை. அதே மாநிலத்தில் சாதாரணமாகக் கண்டுபிடிக்கப்பட்ட 509 பேரில் 20.4 சதவீதம் போயிருந்தார்கள். அங்கே நோய் நம்மைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் பன்னிரண்டுக்கு ஒன்று இங்கே கிடைக்காது. பதினான்கு நாள் விடாமல் பார்த்ததில்தான் சூட்சுமம். இரண்டு நாள் வந்து இரண்டு மாதம் நிற்கும் ரத்தத்தை ஒரு நாள் பார்த்தால் எப்படிச் சிக்கும்?

கண்ணுக்கே தெரிந்த ரத்தம் இன்னும் மலிவு. பிரிட்டனில் 40 மருத்துவமனைகளில் 3,556 பேரை வைத்துப் பார்த்ததில், சிவப்பைக் கண்ணால் கண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மூத்திரப்பைப் புற்று. ஸ்ட்ரிப்பில் மட்டும் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 2.7. பீடி குடிக்கும் ஐம்பது வயதுக்காரருக்குச் சிவப்பாகப் போனால் எந்த அட்டையும் வேண்டாம், நேரே ஸ்கோப், ஒன்பதுக்கு ஒன்று. எங்கள் மாமாவுக்குச் செலவில்லாத நோய்காட்டி (பயோமார்க்கர்) ஆடி மாதமே கிடைத்திருந்தது.

புதிய மூத்திரப் பரிசோதனைகளுக்கு வேலை இருப்பது நடுவில், ஸ்ட்ரிப்பில் மட்டும் ரத்தம் தெரிந்த கூட்டத்தில். ஐந்து மரபணுக்களின் ஆர்என்ஏவை மூத்திரத்தில் அளக்கும் எக்ஸ்பெர்ட் பிளாடர் என்ற கேட்ரிட்ஜ் ஐரோப்பாவில் இருக்கிறது. ரத்தம் போனவர்களிடம் செய்த ஆய்வில், புற்று உள்ளவர்களில் 78 சதவீதத்தைப் பிடித்தது; இல்லாதவர்களில் 84 சதவீதத்தைச் சரியாக விட்டது. ஸ்ட்ரிப்பில் சிக்கிய ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால்:

புற்று உள்ளவர் 27, இல்லாதவர் 973.
கேட்ரிட்ஜ் சரியாகப் பிடிப்பது 21. பொய்யாகப் பிடிப்பது 156.
ஸ்கோப்புக்குப் போவது 1,000-க்குப் பதில் 177.
கைநழுவுவது 6.

மிச்சம் 823 ஸ்கோப். விலை 6 பேர். இந்த ஆறைக் கணக்கில் காட்டாமல் 823-ஐ மட்டும் காட்டும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கும் ஏற்பாடு இருந்தால்தான் அந்த ஆறு பேருக்கு ஒரு வாய்ப்பு.

இதில் நம் ஊர்க்காரருக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. அந்தக் கேட்ரிட்ஜை ஓட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் மிஷின், காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் உட்கார்ந்திருக்கும் அதே மிஷின். காசநோய்க் கேட்ரிட்ஜ் பல வருடம் 9.98 டாலராக இருந்தது; உலகம் முழுக்கச் சண்டை போட்டு 2023-இல் 7.97-க்கு இறக்கினார்கள். மூத்திரப்பைக்கு அந்தச் சலுகை இல்லை. இதே வேலையைச் செய்யும் நியூசிலாந்தின் சிஎக்ஸ்பிளாடர் பரிசோதனைக்கு அமெரிக்க அரசுக் காப்பீடு கொடுத்துவந்த தொகை 760 டாலர், நம் காசில் அறுபதாயிரத்துக்கு மேல். மிஷின் இருக்கிறது, தண்ணீர் போல மூத்திரம் இருக்கிறது, நடுவில் நிற்பது ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் விலை.

இன்னும் தூரமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் ஐம்பதாயிரம் பேரிடம் வருடங்களுக்கு முன்பே மூத்திரம் வாங்கி உறைய வைத்திருந்தார்கள். பிற்பாடு மூத்திரப்பைப் புற்று வந்தவர்களின் பழைய குப்பியை எடுத்து டிஇஆர்டி என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று தேடினார்கள். 30 பேரில் 14 பேருக்கு இருந்தது. சிலருக்கு நோய் தெரிவதற்குப் பத்து வருடம் முன்பே. நோய் வராத 101 பேரில் ஒருவருக்கும் இல்லை. 2020-இல் இதை வெளியிட்டார்கள். பொய்க்கோடு பூஜ்யம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த எண், 14 அல்ல. 28,000 பேரைச் சோதிக்கும்போது பொய்க்கோடுதானே நம்மைத் தின்கிறது. ஆனால் 101 பேரில் பூஜ்யம் என்பது 28,000 பேரில் பூஜ்யம் என்று ஆகாது.

அதுவரை கையில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடலாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இலிருந்து வீடு தேடி பிரஷரும் சுகரும் பார்க்கிறது. புற்றில் வாய், மார்பகம், கருப்பை வாய் என மூன்றுக்குத்தான் தேசியத் திட்டத்தில் இடம், மூத்திரப்பைக்கு இல்லை. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற அம்மா ஐம்பது தாண்டிய புகைப்பவரிடம் மூன்று ஸ்ட்ரிப் கொடுத்து, மூன்று வெவ்வேறு வாரம் பார்க்கச் சொன்னால்? மொத்தமாக வாங்கும்போது ஒன்று ஐந்து ரூபாய் என்று வையுங்கள். 28,000 × 3 × 5 = 4,20,000 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருட உச்சவரம்பு 5 லட்சம். மாவட்டத்தில் ஐம்பது தாண்டிய, புகைக்கும் ஆண்கள் எல்லோருக்குமான ஸ்ட்ரிப் அதற்குள் அடங்கிவிடுகிறது. பத்தில் ஒருவருக்குப் பச்சை விழுந்தால் 2,800 பேர். கேட்ரிட்ஜ் வடிகட்டி 450 ஸ்கோப். நாளுக்குப் பத்து வீதம் 45 நாள் வேலை. அந்த 12 புற்றில் ஐந்தேனும் கிடைத்தால் புற்றுக்கு 90 ஸ்கோப். 1,430 எங்கே, 90 எங்கே! கேட்ரிட்ஜ் கிடைக்காவிட்டால் 2,800 ஸ்கோப், அது 280 நாள். அப்போது யாரை முதலில் அனுப்புவது என்று பீடி எண்ணிக்கையைக் கேட்டு வரிசைப்படுத்த வேண்டியதுதான்.

மாமாவின் பெட்டியில் பீடிக்கடைப் பழைய நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. எந்தப் பெண் எந்தத் தேதியில் எத்தனை கொண்டுவந்தார், அதில் எத்தனை கழிவு போனது, எல்லாம் அவர் கையெழுத்தில் சுத்தமாக இருக்கிறது. அவற்றோடு சேர்த்து மடித்து வைத்திருந்த மூன்று மருந்துச் சீட்டுகளும் கிடைத்தன. மூன்றிலும் வயது எழுதியிருக்கிறது, எடை எழுதியிருக்கிறது, பிரஷர் எழுதியிருக்கிறது. நாளைக்கு எத்தனை பீடி என்று மூன்றிலும் இல்லை.